சட்டைப் பையிலிருந்து விற்ற குஞ்சு

தம்பி சாமு,

நேற்று நீ போனில் பேசி வைத்ததும் உன் அப்பா வழக்கம்போலக் கடை திறக்கப் போய்விட்டார். நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கோடு போட்ட நோட்டைப் பிரித்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்று மதுரை டாக்டர் சொன்னார். அதனால் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும், பொறுத்துக்கொள். தைவானில் ஒன்றரை வருஷம் என்றாய். நீ பெங்களூருக்குப் போனபோது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. மனசு கேட்காவிட்டால் சாயங்காலம் பஸ் ஏறிக் காலையில் உன் வாசலில் போய் நின்றுவிடலாம் என்று ஒரு தைரியம் இருந்தது. ஒரு தடவைகூட அப்படி வந்து நின்றதில்லை என்பது வேறு விஷயம். இப்போது கடல் தாண்டிப் போகிறாய். அங்கே என்ன வேலை என்று அப்பா கேட்டதற்கு, "சின்னப் பிள்ளைக விளையாடுற சாமானுக்குள்ள ஒரு சில்லு இருக்கும்ப்பா, நகத்துல பாதிதான் இருக்கும். அது என்ன செய்யணும்னு எழுதிக் குடுக்குறதுதான் வேலை" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அப்பா சந்தோஷமாகச் சிரித்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பதின்மூன்று வருஷமாக உன்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வைத்திருப்பதை இனியும் தள்ளிப்போட முடியாது என்று அப்போதுதான் தோன்றியது. இதை ஒட்டி மூடாமல்தான் எழுதுகிறேன். என்னைப் போலப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடை நடத்தும் அம்மாக்கள் யாராவது வாசித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

1998இல் உனக்குப் பத்து வயது. போடி பஜாரில் நம் கடை அப்போது இப்போது இருப்பதில் பாதிதான். முன்பக்கம் வளையல், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு. பின்பக்கம் டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில், பிளாஸ்டிக் சாமான். நடுவில் கண்ணாடிப் பெட்டி. ஏலக்காய் ஏலத்துக்கு வரும் வியாபாரிகளும், மலை எஸ்டேட்டிலிருந்து சனிக்கிழமை இறங்கி வரும் குடும்பங்களும்தான் நம் வாடிக்கை. உன் அப்பாவுக்கு ஊர் சுற்றப் பிடிக்கும், எனக்கு விற்கப் பிடிக்கும். அதனால் அவர் மாதம் ஒரு தடவை மெட்ராஸ் போய்ச் சரக்கு எடுத்து வருவார், நான் கடையில் நிற்பேன். முதலில் அவர் கொண்டுவந்தது கையடக்கமான வீடியோ கேம், கட்டம் கட்டமாக விழுவதை அடுக்குவது. அதற்கே பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த தடவை கொண்டுவந்ததுதான் அந்த முட்டைப் பொம்மை. கோழிமுட்டையைவிடச் சின்னது, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம், மூன்று பொத்தான், தபால்தலை அளவு திரை. உள்ளே புள்ளி புள்ளியாக ஒரு குஞ்சு. அதற்குப் பசிக்கும், தூக்கம் வரும், வெளிக்குப் போகும், காய்ச்சல் வரும். கவனிக்காவிட்டால் செத்துப்போகும். இதையெல்லாம் உன் அப்பா சொன்னபோது, "உசிரோட இருக்கிற கோழிக்குஞ்ச வாங்கி விட்டா முட்டையாவது போடும். இதை யாரு வாங்குவா?" என்று கேட்டேன். பதினைந்து நாளில் அவ்வளவும் தீர்ந்துபோய் அவரை மறுபடி மெட்ராஸுக்கு அனுப்பினேன்.

அது தீர்ந்ததற்குக் காரணம் நீ. வாங்க வரும் பெரியவர்களுக்கு அதில் எதை அமுக்கினால் என்ன வரும் என்று புரியாது, எனக்கும் புரியாது. கூட வந்த தாளில் சீன எழுத்தும் இங்கிலீஷும்தான் இருந்தது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையை ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் கண்டுபிடித்துவிட்டாய். கடைச் சாமானில் கை வைக்கக் கூடாது என்பது நம் வீட்டில் சட்டம். உன் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தபோதும் உனக்குக் கிடையாது. ஆனால் விளையாடிக் காட்டுவதற்கு மட்டும் ஒன்றை உன் கையில் கொடுப்பேன். இரண்டு மூன்று நாள் நீ அதற்குச் சோறு ஊட்டி, விளையாட்டுக் காட்டி, குஞ்சைக் கொஞ்சம் பெரிதாக்கியிருப்பாய். வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்ததும், "அதையே குடுங்க, நல்லா ஓடுது" என்பார்கள். உன் கையிலிருந்து வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவேன். மறுநாள் உனக்கு இன்னொன்று. நீ அதற்கும் சோறு ஊட்ட ஆரம்பித்துவிடுவாய். உன்னை நல்ல வியாபாரக்காரப் பிள்ளை என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போதே ஒரு பாடம் வந்தது, நான்தான் படிக்கவில்லை. நம் கடையில் அந்தப் பொம்மையை வாங்கியிருந்த ஒரு பெண்குழந்தையை அவளுடைய அப்பா, ஏலக்காய் கமிஷன் கடைக்காரர், கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "செத்துப்போச்சாம்க்கா. ரெண்டு நாளா சோறு எறங்கல இவளுக்கு. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல" என்றார். நான் அந்தப் பொம்மையின் முதுகில் இருந்த ஓட்டையில் ஊக்கை விட்டு ஒரு குத்துக் குத்தினேன். சத்தம் போட்டுக்கொண்டு புதுமுட்டை வந்து, அதிலிருந்து குஞ்சு வந்தது. "இந்தா, பொழைச்சிருச்சு பாரு" என்றேன். அந்தக் குழந்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அது இல்ல" என்று அழுதது. நானும் அவளுடைய அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். நீ சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து, "ஆமா, அது இல்லதான்" என்று மட்டும் சொன்னாய். அவளுடைய அழுகை அத்தோடு நின்றது. நாங்கள் இரண்டு பெரியவர்கள் செய்ய முடியாததை நீ மூன்று வார்த்தையில் செய்தாய் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த மாதம், பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தபோது, நீ ஒன்றைப் பத்து நாள் வைத்திருந்தாய். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வராமல் வியாபாரம் மந்தமாக இருந்ததால் அது விற்காமல் உன் கையிலேயே தங்கிவிட்டது. குளிக்கப் போகும்போது அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு குளித்தாய். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது அது கீச்சென்று கத்திவிட்டது. பாஸ்டர் கண்ணைத் திறந்து பார்க்க, நீ உன் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாய். நான் உன் தொடையில் கிள்ளினேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, "ம்மா, இத மட்டும் வித்துராதம்மா" என்றாய். "சரி, சரி, சாப்பிடு" என்றேன். என்னைப் பொறுத்தவரை அது சாப்பிட வைப்பதற்குச் சொல்லும் சரி. நீ அதை வாக்காக எடுத்துக்கொண்டாய் என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே குழம்பு ஊற்றினேன்.

நாம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றாலும், வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்கு நம் கடை இல்லாத வருஷம் கிடையாது. தேனிப் பக்கமிருந்து கம்பம் கூடலூர் வரைக்கும் ஜனம் அங்கேதானே கூடும். அந்த வருஷமும் கோயிலுக்குப் போகிற பாதையில், ராட்டினத்துக்கு இந்தப் பக்கம், தகரம் போட்டுக் கடை வைத்திருந்தோம். உன் அப்பா கொண்டுவந்த முட்டைப் பொம்மைகள் முதல் இரண்டு நாளிலேயே போய்விட்டன. மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பொட்டிப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சொந்தமாக விவசாயம் பார்க்கும் தோட்டக்காரர், அவருடைய மனைவி, ஏழெட்டு வயதில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு பெண்பிள்ளை. பிள்ளைக்கு மாதக்கணக்கில் உடம்பு சரியில்லாமல் இருந்து, நேர்ந்துகொண்டு, இப்போதுதான் தேறியிருக்கிறாள் என்று அந்த அம்மா சொன்னார். "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் பிள்ளை வச்சிருந்துச்சாம், முட்டை மாதிரி. அதைத்தான் கேக்குறா. வேற எதக் காட்டினாலும் வேணாங்குறா" என்றார். தீர்ந்துபோய்விட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது உன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பத்து நாள் குஞ்சு கத்தியது. அந்தப் பிள்ளை திரும்பி உன்னைப் பார்த்தாள். நான் குனிந்து, உன் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்து, துடைத்து, கொடுத்துவிட்டேன். நீ "ம்மா" என்றாய். ஒரே ஒரு தடவை. "வேற வாங்கித் தாரேன், போ, அந்த வளையல் பெட்டிய எடு" என்றேன்.

நீ வளையல் பெட்டியை எடுத்துக் கொடுத்தாய். நான் இரண்டு பேருக்கு வளையல் போட்டுவிட்டுத் திரும்பியபோது நீ அங்கே இல்லை. ராட்டினத்துக்குப் போயிருப்பாய் என்று முதலில் நினைத்தேன். பக்கத்து மிட்டாய்க் கடைக்காரரிடம் கேட்டேன். "இப்பத்தான் இங்கன நின்னான்" என்றார். உன் அப்பா சாப்பிட்டுவிட்டு வந்து, ராட்டினம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வந்தார். அப்போதுதான் எனக்கு ஆறு நினைவுக்கு வந்தது. தீச்சட்டி எடுத்து வருகிறவர்களும், வேப்பிலையும் மஞ்சள் சேலையுமாக நிற்கிறவர்களும், மேளமும், ஆற்றில் குளிக்கிற கூட்டமும். முல்லையாற்றில் அன்று தண்ணீர் நிறைய. உனக்கு நீச்சல் தெரியாது. கற்றுக்கொடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் நேரம் இருந்ததில்லை. கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு நான் ஓடினேன். என் வாழ்க்கையில் கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடியது அந்த ஒரு நாள்தான்.

மைக் வைத்து அறிவிப்பு சொல்லும் பந்தலுக்கு முதலில் போனேன். அங்கே இருந்தவர் நிதானமான ஆள். "பதறாதீகம்மா. தினம் பத்துப் பிள்ளை தொலையுது, பத்தும் கிடைக்குது. பேரு?" என்றார். சாமுவேல் என்றேன். "வயசு?" பத்து என்றேன். "என்ன கலர் சட்டை?" என்றார்.

தம்பி, நீ என்ன சட்டை போட்டிருந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தச் சட்டைப் பையில்தான் கையை விட்டிருக்கிறேன். உன் நெஞ்சுச் சூடு என் விரலில் பட்டிருக்கும். கடையில் எந்த அட்டைப் பெட்டியில் எத்தனை டஜன் ரிப்பன், என்னென்ன கலர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் நான். அந்த ஆள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்றார்கள். "நீலம்" என்று சொல்லிவிட்டேன். பையன்களுக்குப் பெரும்பாலும் நீலம்தானே எடுப்போம் என்று ஒரு குருட்டுக் கணக்கு. "நீலச் சட்டை போட்ட சாமுவேல், பத்து வயது, எங்கிருந்தாலும்..." என்று திருவிழா முழுக்க ஒலிபெருக்கியில் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அது பொய் என்று தெரிந்தது. திரும்பிப் போய் மாற்றிச் சொல்லவும் என்னிடம் உண்மை இல்லை.

ஆற்றங்கரையில் ஒரு இடத்தில் கூட்டம் கூடியிருந்தது. யாரோ யாரையோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எத்தனை பேரைத் தள்ளினேன், யார் காலை மிதித்தேன் என்று தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தால், வெயிலில் மயங்கி விழுந்த ஒரு அம்மா. முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஈரச்சேலையோடு நின்ற ஒருத்தி, "என்ன ஆத்தா, யாரத் தேடுற?" என்றாள். மகன் என்றேன். "எந்திரி. தேடுறவ உக்காரக்கூடாது" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவள் முகம் இன்றைக்கு ஞாபகம் இல்லை. அவள் கை மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வெயில் தாழ்ந்தபிறகுதான் உன்னைப் பார்த்தேன். கரையை ஒட்டிக் குடும்பங்கள் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிற இடத்தில், ஒரு டிராக்டருக்குப் பக்கத்தில், அந்தப் பொட்டிப்புரத்துக் குடும்பம் இருந்தது. நீயும் மொட்டைத் தலைப் பிள்ளையும் தலையோடு தலை முட்டக் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் பின்பக்கமாக வந்ததால் நீ பார்க்கவில்லை. நீ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "இது சோறு. இது வெளக்கு, அது தூங்கிருச்சுன்னா அணைச்சுரணும். இது மருந்து, ரெண்டு தடவ அமுக்கணும், ஒரு தடவ அமுக்குனா கேக்காது. இத மட்டும் அமுக்காத ஈஸ்வரி. இது திட்டுறது. திட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கிரும்." அந்தப் பிள்ளை, "நீ எத்தன தடவ திட்டியிருக்க?" என்று கேட்டாள். "ஒரு தடவகூட இல்ல" என்றாய்.

நான் போய் உன் கையைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் அறைந்தேன். நீ கிடைத்துவிட்டாய் என்ற நிம்மதியும், அதுவரை பட்ட பயமும், வேறு எதுவுமோ, எல்லாம் சேர்ந்து என் கைக்கு வந்துவிட்டது. அந்தத் தோட்டக்காரர் பதறி எழுந்து நடுவில் வந்தார். "அடிக்காதீக, அடிக்காதீக. நீங்கதான் சொல்லிக்குடுக்க அனுப்பி வச்சிருக்கீகன்னு நெனச்சோம். பாவம், பிள்ளை வந்ததுலருந்து அதைத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கான்" என்றார். பிறகு பொம்மையைத் தன் மகள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "அவனோடதா? தெரியாம வாங்கிட்டோம். வச்சுக்கய்யா" என்று உன்னிடம் நீட்டினார். அந்தப் பிள்ளை அழவில்லை, உன்னையே பார்த்தாள். நீ கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே, "வேணாம் மாமா. நாங்க வித்துட்டோம்" என்றாய்.

கடையில் நான் சொல்லும் வார்த்தை அது. திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லும் குரலும் அதேதான். அதை உன் வாயில் கேட்டதும் உன்னைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன்.

நாம் கிளம்பும்போது அந்தப் பிள்ளையின் அம்மா, ஒரு தூக்குவாளியில் பொங்கலைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாக இழுத்துச் சொன்னார். "மைக்கில அந்தப் பேரு வந்துச்சு அக்கா. உன்னத்தான் கூப்பிடுறாகளோன்னு இவன்கிட்ட கேட்டேன். 'அது நான் இல்லத்தே. நீலச் சட்டைன்னு சொல்றாக. எங்கம்மாவுக்கு என் சட்டை தெரியும்'னுட்டான். அதான் நாங்களும் விட்டுட்டோம்." நான் அப்போதுதான் உன் சட்டையைப் பார்த்தேன். அரக்குக் கலரில் கட்டம் போட்ட சட்டை. அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நானே எடுத்துக் கொடுத்தது.

இதை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. மைக் பந்தலில் சரியாகத்தான் சொன்னேன், அவர்கள் தப்பாக அறிவித்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன். இதை வாசிக்கும்போது அவருக்கும் தெரியட்டும்.

அடுத்த சரக்கு வந்ததும் முதல் பெட்டியைப் பிரித்து, உனக்கென்று மஞ்சள் கலரில் ஒன்றை எடுத்து, "இது உனக்கு. விக்கவே மாட்டேன்" என்று கொடுத்தேன். நீ வாங்கிப் பார்த்தாய், நன்றாக இருக்கிறது என்றாய், போய்க் கண்ணாடிப் பெட்டியில் மற்றவற்றோடு நேராக வைத்துவிட்டு வந்து, "கேட்டு வந்தாகன்னா குடுத்துருங்கம்மா" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாய். "குடுத்துருங்க" என்று சொன்னாய் என்பதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. அதுவரைக்கும் நான் உனக்கு நீ, வா, போதான். அந்த வாரத்திலிருந்து நீங்க, வாங்க, போங்க. கடைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, "பெத்த தாயவே மரியாதையா கூப்பிடுறானே, நல்லா வளத்திருக்கீக" என்பார்கள். நானும் பூரித்துப்போவேன். எத்தனையோ வருஷம் கழித்துத்தான், ஒரு மத்தியானம் கடையில் வேறொரு பையன் தன் அம்மாவிடம், "நீ சும்மா இரும்மா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிணுங்கிக்கொண்டு அவள் சேலையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தபோது, எனக்கு எது போயிற்று என்று தெரிந்தது.

அதோடு நீ கேட்பதையும் நிறுத்திவிட்டாய். பிடிவாதம் இல்லாத பிள்ளை என்று அதற்கும் பெருமைப்பட்டேன். எட்டாம் வகுப்பில் உன் டீச்சர் கடைக்கே வந்து, "உங்க பையனுக்குக் கரும்பலகை தெரியலம்மா. பக்கத்துப் பையன் நோட்டப் பாத்துத்தான் எழுதுறான். ஒரு வருஷமா இருக்கும் போல" என்றார். ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்டேன். "சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்மா" என்றாய். ஒரு வருஷம், தம்பி. ஒரு கண்ணாடி வேண்டும் என்று என்னிடம் கேட்பதைவிட, ஒரு வருஷம் தெரியாத பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நம் கண்ணாடிப் பெட்டியில் என்னென்னவோ வந்துபோயின. தீப்பெட்டி அளவு ரிமோட் கார், சிவப்புப் புள்ளி அடிக்கும் லேசர் லைட், பாடும் பேனா, கை தட்டினால் குரைக்கும் நாய், இப்போது செல்போன். வர வரச் சின்னதாகிக்கொண்டே போகிறது, பிள்ளைகள் தலை வர வரக் குனிந்துகொண்டே போகிறது. பெற்றவர்கள் கடையில் நின்று, இந்தக் காலத்துப் பிள்ளைகள் மிஷினோடேயே பிறந்திருக்கின்றன என்று அலுத்துக்கொள்கிறார்கள். நான் அவர்களோடு சேர்ந்து தலையாட்டுவதில்லை. அத்தனையும் விற்றவள் நான்தான். அதோடு, எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாள் முழுக்கச் சாப்பிடு, படி, உட்கார், வாயை மூடு என்று சொல்லக் கேட்கிற பிள்ளை கைக்கு, தன்னை நம்பி இருக்கிற ஒன்று வந்து சேர்கிறது. அது பசிக்கிறது என்று தன்னிடம் சொல்கிறது. பிள்ளை மயங்குவது மிஷினிடம் இல்லை, அந்த நம்பிக்கையிடம்தான். நீ இனி அந்தச் சில்லுக்கு எழுதும்போது இதை நினைத்துக்கொள். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் சொல்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது எதையாவது கையில் பொத்திக்கொண்டு நின்றால், தூக்கிப் போடு என்று சொல்வதற்கு முன்னால், அதற்கு என்ன பேர் வைத்திருக்கிறாய் என்று கேள். உன் குஞ்சுக்கு நீ ஏதாவது பேர் வைத்திருந்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது. இன்னொன்று. பிள்ளை அமைதியாகிவிட்டால் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, அப்பா கேக் வாங்கப் போயிருந்த நேரத்தில், உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "வீரபாண்டித் திருவிழா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். நீ லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து, "எதும்மா? ராட்டினமா?" என்றாய். "இல்ல, நீ தொலஞ்சு போனியே" என்றேன். "ஓ, அதுவா. அது எப்பவோம்மா. எனக்கு மறந்தே போச்சு. நீங்க இன்னுமா அதை நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று சிரித்தாய். நான், "சும்மா கேட்டேன். காப்பி போடவா?" என்றேன். நீ சரி என்றாய். அடுப்படியில் பால் பொங்கி வழிந்தது, துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே நின்றேன். நீ நிஜமாகவே மறந்துவிட்டாயா, என் முகத்தைப் பார்த்து மறந்துவிட்டதாகச் சொன்னாயா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மறந்திருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், இந்த நோட்டுத் தாள்களை மடித்து ஓரமாக வைத்துவிடு. மறக்கவில்லை என்றால், தம்பி, நான் செய்தது தப்பு. விற்றது தப்பு, அறைந்தது தப்பு, உன் சட்டை தெரியாமல் நின்றது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. உன் பத்து வயதில் சொல்லியிருக்க வேண்டியதை உன் இருபத்து மூன்று வயதில் சொல்கிறேன்.

உன்னை ஏற்றிவிட மெட்ராஸ் வரைக்கும் நானும் வருகிறேன். இதுவரை உன்னைக் காலேஜில் விடவும் அப்பாதான் வந்தார், பெங்களூருக்கும் அப்பாதான் வந்தார், நான் கடையில் நின்றேன். இந்தத் தடவை மூன்று நாள் கடையைப் பூட்டுகிறோம். சொன்னதும் உன் அப்பா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். அட்டையில் நானே எழுதி மாட்டிவிட்டேன்: மகனை வழியனுப்பப் போகிறோம், திங்கட்கிழமை கடை உண்டு.

அங்கே கொண்டுபோக என்ன வேண்டும் என்று நாளைக்கு அப்பா போனில் கேட்பார். ஒன்றும் வேண்டாம், எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்று நீ சொல்வாய். அப்படிச் சொல்லாதே, சாமு. எதையாவது கேள். நம் கடையில் இல்லாததாகப் பார்த்துக் கேள். உனக்காக நான் நாலு கடை ஏறி இறங்க வேண்டும்.

அம்மா